பயிற்சியின் தலைப்பை மறைத்துவிட்டால்

வீட்டுக்கணக்கு நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது. பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்தால் அதே மாதிரிக் கணக்குகளில் பாதிக்குமேல் தப்பு. ராஜபாளையம் ஆகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகட்டும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் இந்தப் புதிர் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தலைகாட்டுகிறது. “என் கண்ணு முன்னாலதான் உக்காந்து போட்டான், ஒண்ணுகூடத் தப்பில்ல” என்கிறார் அம்மா. வகுப்பிலும் நன்றாகத்தான் செய்தான் என்கிறார் ஆசிரியர். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பழி மட்டும் பிள்ளைமேல் விழுகிறது: கவனம் இல்லை, பயம், எழுதிப் பார்த்தது போதவில்லை. தீர்ப்பும் உடனே வந்துவிடும், இன்னும் இருபது கணக்குப் போடு.

எழுதிப் பார்ப்பதில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2018இலும் 2023இலும் மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டம் இது. மாலை வகுப்பும் சிறு தேர்வும் இங்கே அன்றாடம். ஆகவே இந்தப் புதிரை உழைப்புக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. வீட்டுக்கணக்கு எந்த வரிசையில் கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்குக்குள் இரண்டு வேலை

ஏழாம் வகுப்பில் நேர் விகிதம், எதிர் விகிதம் என்று இரண்டு பாடங்கள் வருகின்றன. ஒன்று எத்தனை மடங்கு கூடுகிறதோ மற்றதும் அத்தனை மடங்கு கூடினால் நேர் விகிதம். பேனாக்கள் இரண்டு மடங்கானால் விலையும் இரண்டு மடங்கு. ஒன்று கூடக் கூட மற்றது அதே மடங்கில் குறைந்தால் எதிர் விகிதம். ஆள் இரண்டு மடங்கானால் வேலை பாதி நாளில் முடியும்.

திங்கட்கிழமை நேர் விகிதம் நடத்தினால் அன்றைய வீட்டுக்கணக்கு பத்தும் நேர் விகிதம். வியாழக்கிழமை எதிர் விகிதம் என்றால் பத்தும் எதிர் விகிதம். இதில் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். முதல் கணக்கில் எதை எதனால் பெருக்குவது, எதனால் வகுப்பது என்று பிடித்துக்கொள்கிறது. மீதி ஒன்பதிலும் எண்களை மட்டும் பொறுக்கி அதே இடங்களில் போடுகிறது. கணக்கில் பேனா வந்தாலும் பேருந்து வந்தாலும் வாக்கியத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

ஒரு கணக்கைப் போடுவதில் இரண்டு வேலை இருக்கிறது. இது என்ன வகைக் கணக்கு, எந்த வழியில் போனால் விடை வரும் என்று முடிவு செய்வது முதல் வேலை. அதை ‘வழி தேர்தல்’ என்று இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிறேன். தேர்ந்த வழியில் பிசகில்லாமல் பெருக்கி வகுத்து விடைக்குப் போய்ச் சேர்வது இரண்டாவது வேலை. பயிற்சியின் தலைப்பிலேயே ‘எதிர் விகிதம்’ என்று போட்டிருந்தால் முதல் வேலையைப் புத்தகமே செய்து முடித்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது பெருக்கலும் வகுத்தலும்தான். அதைச் சரியாகச் செய்ததற்குத்தான் அத்தனை சிவப்புக் குறிகளும். பரீட்சைத் தாளில் தலைப்பு கிடையாது. பிள்ளை தன் வாழ்நாளில் அதிகம் பழகாத அந்த முதல் வேலையை அங்கே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகப் போடுவதை ‘ஒருவகைப் பயிற்சி’ என்றும், பல பாடங்களின் கணக்குகளைத் தலைப்பில்லாமல் கலைத்துப் போடுவதைக் ‘கலப்புப் பயிற்சி’ என்றும் வைத்துக்கொள்வோம். இனி இந்த இரண்டு சொற்களே போதும்.

ஒரு கிலோ நூல் எவ்வளவு தூரம் போகும்?

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஊருக்குள்ளேயே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ராஜபாளையம் நூல் மில்களின் ஊர். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது முதல் பஞ்சும் நூலும் இந்த ஊரின் பேச்சில் கலந்துவிட்டன. பக்கத்தில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. மில்லுக்குப் போய்வருகிறவர்கள் ‘நாற்பதாம் நம்பர்’, ‘எண்பதாம் நம்பர்’ என்று நூலைச் சொல்வதைக் கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. அந்த நம்பர் என்ன?

840 கெஜ நீளமுள்ள நூலை ஒரு சிட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பவுண்டு எடையில் இப்படி எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 30,724. ஒரு பவுண்டு என்பது 453.6 கிராம். வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் நூல் 67.7 மீட்டர் நீளம் வருகிறது. ஒரு கிலோ எடுத்தால் 67.7 கிலோமீட்டர்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 11 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நாற்பதாம் நம்பர் நூலைப் பிரித்துக்கொண்டே நடந்தால் மூன்று முறை போய்த் திரும்பிய பிறகும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கையில் மிச்சமிருக்கும். ஒருமுறை போய்ச் சேர்வதற்கு மட்டும் எவ்வளவு நூல் வேண்டும்? 11,000 மீட்டரை 67.7ஆல் வகுத்தால் 162 கிராம். கால் கிலோகூட இல்லை.

இந்த 162 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாள் தயாரிப்போம். தலைப்பு எதுவும் போட வேண்டாம்.

முதல் கேள்வி: நாற்பதாம் நம்பர் நூலை 33 கிலோமீட்டர் நீட்ட எத்தனை கிராம் வேண்டும்? தூரம் மூன்று மடங்கு, எடையும் மூன்று மடங்கு, 486 கிராம். இது நேர் விகிதம். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறாமல் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது: அதே 11 கிலோமீட்டர், ஆனால் எண்பதாம் நம்பர் நூல். எத்தனை கிராம்? முந்தைய கணக்கின் வேகத்தில் ‘நாற்பது எண்பதானால் இரண்டு மடங்கு’ என்று 324 எழுதத் தோன்றும். அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஒரு பவுண்டில் 40 சிட்டத்துக்குப் பதில் 80 சிட்டம் அடங்குகிறது என்றால் நூல் மெல்லிசாகியிருக்கிறது. மெல்லிசான நூல் அதே தூரத்துக்கு எடை குறைவாகத்தான் இருக்கும். ஆகவே பாதி, 81 கிராம். இது எதிர் விகிதம்.

மூன்றாவது: எண்பதாம் நம்பர் நூல் ஒரு கிலோ இருந்தால் எவ்வளவு தூரம் நீட்டலாம்? இங்கேயும் அதே நாற்பது, அதே எண்பதுதான். ஆனால் இப்போது எடை மாறவில்லை, நீளத்தைத்தான் கேட்கிறோம். நம்பர் இரண்டு மடங்கானால் நீளமும் இரண்டு மடங்கு, 135.4 கிலோமீட்டர். இரண்டாவது கேள்வியில் பாதியாக்கச் சொன்ன அதே எண்கள் மூன்றாவதில் இரட்டிப்பாக்கச் சொல்கின்றன. எண்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வாக்கியத்தைப் படித்து, எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பார்த்து ‘கணக்கு புரிகிறது’ என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

நான்காவது: இருபதாம் நம்பர் நூலில் 22 கிலோமீட்டர். நம்பர் பாதியானதால் எடை இரட்டிப்பு; தூரம் இரட்டித்ததால் மறுபடியும் இரட்டிப்பு. 648 கிராம். எதிர் விகிதமும் நேர் விகிதமும் ஒரே கேள்விக்குள் இருக்கின்றன.

ஐந்தாவது கேள்வியை நூலை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் போய்க் கேட்கலாம். ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் சுமார் 192 அடி உயரம். அப்படியானால் 7 நிலைக் கோபுரம் ஒன்று எத்தனை அடி? விகிதக் கணக்குகளையே தொடர்ந்து போட்டுவந்த கை 192ஐ 7ஆல் பெருக்கி 11ஆல் வகுத்து 122 என்று எழுதிவிடும். கோபுரத்தின் நிலைகள் மேலே போகப் போக உயரம் குறைகின்றன. ஒரு கோயிலின் நிலையும் இன்னொரு கோயிலின் நிலையும் ஒரே அளவில் கட்டப்பட்டவையும் இல்லை. ‘இந்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது’ என்பதுதான் சரியான விடை. விகிதம் எங்கே பொருந்தாது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் விகிதம் தெரியும். ஒருவகைப் பயிற்சியில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

புளோரிடாவில் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள்

அமெரிக்காவின் தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரர் என்ற உளவியல் ஆய்வாளர் வெகுகாலமாக இந்த வரிசைச் சிக்கலைத்தான் ஆராய்ந்து வருகிறார். 2007இல் அவரும் கெல்லி டெய்லரும் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் அதிகம் கேள்விப்படாத நான்கு திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். ஒரு குழுவுக்கு உருவம் உருவமாக, ஒருவகைப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நான்கையும் கலந்து. கணக்குகள் இரண்டு குழுவுக்கும் ஒன்றே.

பழகும்போது ஒருவகைக் குழு 89 சதவீதம் சரியாகப் போட்டது. கலப்புக் குழுவால் 60தான் முடிந்தது. அன்றைக்கு அந்த வகுப்புக்குள் எட்டிப் பார்த்திருந்தால் யாரும் முதல் குழுவைத்தான் கெட்டிக்காரர்கள் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். ஒருவகைக் குழு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கலப்புக் குழு 63 எடுத்தது.

அந்த 89ஐயும் 20ஐயும் சேர்த்துப் பார்த்தால் நம் வீட்டுப் புதிருக்கு விடை கிடைத்துவிடுகிறது. நோட்டில் இருந்த மதிப்பெண் பொய் இல்லை. அது அளந்தது அன்றைய சௌகரியத்தை. பிள்ளைக்கு என்ன நிலைத்தது என்பது அதில் தெரியாது.

கல்லூரி ஆய்வகத்தில் நடந்தது பள்ளிக்கூடத்தில் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. 2020இல் ரோரரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. புளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புகள். வழக்கமான ஆசிரியர்களே பாடம் நடத்தினார்கள். சில மாதங்கள் முழுக்கப் பயிற்சித் தாள்கள் கொடுக்கப்பட்டன. பாதி வகுப்புகளில் ஒருவகையாக, பாதியில் கலப்பாக. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் ஒருவகை வகுப்புகளின் சராசரி 38 சதவீதம், கலப்பு வகுப்புகளின் சராசரி 61. புதிய கருவி, புதிய பாடநூல் எதுவும் இல்லாமல் கணக்குகளின் வரிசையை மாற்றியதால் மட்டும் வந்த வித்தியாசம் இது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கலப்புத் தாள்களைப் போட்டு முடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது, ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் ஆசிரியர் விடைகளை வகுப்பில் விளக்கினார்.

மறுநாள் கேட்கும் பழக்கம்

கலப்பு பலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வாரக் கணக்கை இன்றைக்குக் கேட்கும்போது பிள்ளை அதைப் பாதி மறந்திருக்கும்; தேடி எடுக்க வேண்டும். தேடி எடுக்கும் அந்த முயற்சிதான் நினைவை இறுக்குகிறது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்து 1885இல் நூலாக எழுதினார். கற்றது முதல் நாளிலேயே வேகமாக நழுவுகிறது, பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. நழுவும் நேரம் பார்த்து மறுபடி கேட்டால் பிடி கெட்டியாகிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் இதை நடைமுறையில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் அதை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். எழுதிக்கொண்டு வரச் சொல்லாமல் நினைவில் வைத்துக்கொண்டு வரச் சொன்ன வீட்டுப்பாடம் அது. எண்சுவடியில் 320இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களை முறை சொல்லிச் சொல்லியே நெஞ்சில் ஏற்றினார்கள். அந்தப் பள்ளிகளின் பிரம்படியை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. மறுநாள் கேட்பது மட்டும் நமக்கு வேண்டியது.

இப்போதைய ஏற்பாடு சில இடங்களில் இதற்கு நேர் எதிராகப் போகிறது. தமிழகத்தில் 2012-13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தது. பையின் சுமை குறைந்தது, அது பெரிய நன்மை. ஆனால் பருவத் தேர்வு அந்தந்தப் பருவத்துப் புத்தகத்தோடு நின்றுவிடுவதால், முதல் பருவத்தில் படித்த விகிதத்தை இரண்டாம் பருவத்தில் கேட்பார் இல்லை. பாடநூலில் இயல் முடிவில் பலவகைக் கணக்குகளைச் சேர்த்துத் தரும் பகுதி உண்டு. அதுவும் அந்த இயலின் வேலியைத் தாண்டுவதில்லை.

தலைப்புள்ள பயிற்சிக்கும் வேலை உண்டு

இவ்வளவு சொன்னதால் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கலக்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கூடாது. எதிர் விகிதம் என்றால் என்னவென்றே பிடிபடாத பிள்ளைக்கு அதையும் நேர் விகிதத்தையும் கலந்து கொடுத்தால் இரண்டும் குழம்பும். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்துச் செய்த சோதனைகளில், புதிதாகக் கற்பவர்கள் தாங்களே முட்டி மோதுவதைவிடப் போட்டுக் காட்டிய கணக்குகளை ஊன்றிப் படிக்கும்போது விரைவாகக் கற்றார்கள். ஆகவே பாடம் நடத்திய அன்று போட்டுக் காட்டிய கணக்கு இரண்டு, அதே வகையில் மூன்று நான்கு. கைக்கு வழி பழக அது போதும். ஐந்தாவதிலிருந்து பத்தாவதுவரை பிள்ளை செய்வது பெரும்பாலும் பிரதி எடுக்கும் வேலைதான். அந்த ஆறு கணக்கின் நேரத்தைப் பழைய பாடங்களுக்குக் கொடுக்கலாம்.

கைடைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும் வழக்கமும் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். யோசிக்க ஒன்றும் இல்லாத பத்துக் கணக்கைக் கொடுத்தால், பிள்ளை தானே போட்டாலும் கைடிலிருந்து எடுத்தாலும் நோட்டு ஒரே மாதிரித்தான் இருக்கும்.

வீட்டில் யார் உட்கார்ந்து பார்ப்பது?

வீட்டுக்கணக்கைப் பற்றிப் பேசும்போது வீட்டை மறந்துவிடக் கூடாது. மில்லில் இரவு ஷிஃப்ட் போகும் அப்பா, தறியிலோ தீப்பெட்டி வேலையிலோ இருக்கும் அம்மா, ஒரே அறை. இப்படிப்பட்ட வீட்டுக்கும் டியூஷன் வைக்கும் வீட்டுக்கும் ஒரே தாளைத்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கப்படும் கணக்கு, ஏற்கெனவே முன்னால் இருக்கும் பிள்ளையைத்தான் இன்னும் முன்னால் தள்ளும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கணக்கும் வகுப்பில் ஏற்கெனவே நடந்த பாடத்திலிருந்து இருக்க வேண்டும். யோசிப்பது வீட்டில் நடக்கலாம். திருத்துவது வகுப்பில்தான் நடக்க வேண்டும், அதுவும் மறுநாளே. 324 என்று எழுதிய பிள்ளை ஏன் 81 என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் கழிந்தால் அந்த 324 மனதில் குடியேறிவிடும். கலப்புப் பயிற்சியில் தப்பு அதிகம் வரும் என்பதால் இது இரட்டிப்பு முக்கியம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பும் வந்துவிட்டது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறிலிருந்து எட்டுவரை நாளுக்கு ஒரு மணி நேரம், ஒன்பதிலிருந்து நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று உச்ச அளவு சொல்கிறது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த ஒரு மணி நேரம். கணக்குக்கு அதில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அதை ஒரே கணக்கைப் பத்துத் தடவை போடுவதில் செலவழிக்க மனம் வரக் கூடாது.

நாளைக்குக் கொடுக்கும் தாள்

ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் நாளையிலிருந்தே மாற்ற நினைத்தால் புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. கணக்குகள் எல்லாம் கையில் இருக்கும் பாடநூலிலேயே இருக்கின்றன. இன்று நடத்திய பாடத்திலிருந்து மூன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று, போன பருவத்திலிருந்தோ ஆறாம் வகுப்பிலிருந்தோ ஒன்று. மொத்தம் ஆறு. பயிற்சி எண்ணையும் பக்க எண்ணையும் சொல்லாமல் கரும்பலகையில் வரிசை மாற்றி எழுதிப்போட வேண்டும். பக்க எண்ணைச் சொன்னால் தலைப்பையும் சொன்னதாகிவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் மேலே, பெருக்கத் தொடங்குவதற்கு முன், ‘எது மாறுகிறது, எது மாறவில்லை’ என்று பிள்ளை ஒரு வரி எழுத வேண்டும். திருத்தும்போது அந்த வரியை முதலில் பார்த்தால், தப்பு வழி தேர்ந்ததிலா, பெருக்கியதிலா என்று உடனே தெரிந்துவிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் சில வாரங்கள் நோட்டில் சிவப்புச் சுழிகள் கூடும். வளரறி மதிப்பீட்டில் வீட்டுக்கணக்கு நோட்டின் சரிக்குறிகளை எண்ணி மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தால் அதை இந்தத் தாள்களுக்கு விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை மறுபடி கைடைத் தேடிப் போகும். பெற்றோர் கூட்டத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது, ஏனென்றால் பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஆறுக்கு மூன்றோடு வந்தால் அந்த இரவில் வீட்டில் திட்டு விழும். முதல் பருவப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடலாம். நவம்பரிலும் பிப்ரவரியிலும் அதிலிருந்து கணக்கு வரும்.